சாவி யார் கையில்?

வழக்குமன்றத்திலே வாதியும் பிரதிவாதியும் சமம் என்கிறது சட்டம். நல்ல வாசகம்! ஆனால், நடந்தது என்ன என்று சொல்லக்கூடிய காகிதம் ஒரு தரப்பின் இரும்புப் பெட்டியிலே கிடக்கிறது. சாவியும் அவர்கள் இடுப்பிலே. மற்றத் தரப்பிடம் இருப்பதோ கண்ணீர் மட்டும். இதுவா சமம் என்று கேட்கிறோம்.

கட்டுக்கதை அல்ல, நடந்ததையே சொல்கிறோம். 1939 ஜூன் 1. இங்கிலாந்தில், லிவர்பூல் விரிகுடாவிலே, 'தீட்டிஸ்' என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் வெள்ளோட்டம் போயிற்று. பர்க்கன்ஹெட் நகரத்துக் கேமல் லேர்டு கம்பெனி கட்டியது. உள்ளே இருந்தோர் 103 பேர்; கடற்படையினர் மட்டுமல்ல, கப்பலைக் கட்டிய தொழிலாளத் தோழர்களும் இருந்தனர். டார்ப்பிடோ குழாயின் உட்கதவிலே சோதனைத் துளை ஒன்று உண்டு. குழாயிலே கடல்நீர் நிறைந்திருந்தால், துளை வழியே நீர் வந்து எச்சரிக்கும். அந்தத் துளையை வர்ணம் அடைத்துக் கொண்டிருந்தது! நீர் வரவில்லை, கதவைத் திறந்தார்கள், கடல் புகுந்தது. தப்பியவர் 4 பேர். மாண்டவர் 99 பேர்.

மாண்டோரின் குடும்பத்தார் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தனர். கம்பெனியிடமிருந்த தஸ்தாவேஜுகளைக் காட்டச் சொன்னார்கள். ஒப்பந்தம், கடிதங்கள், வரைபடங்கள், கப்பலை மேலே தூக்கியபின் எழுதிய அறிக்கைகள், பெயிண்டர் மேஸ்திரி ஒருவரின் குறிப்பு நோட்டு! "காட்டக்கூடாது, பொதுநலனுக்குக் கேடு" என்று கடற்படை அமைச்சர் பிரமாணம் தந்தார். அமைச்சர் சொன்னால் அதுவே முடிவு, நீதிபதி பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை என்று 1942இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1946இல் குடும்பத்தாரின் வழக்கும் அதே சபையிலே தோற்றது.

யுத்தகாலம், நீர்மூழ்கியின் வரைபடம் ஹிட்லர் கைக்குப் போகலாமா என்பார்கள். போகக்கூடாதுதான்! ஆனால் அந்த விதி வரைபடத்தோடு நிற்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகும், சாதாரணக் காகிதத்துக்கெல்லாம் அதுவே பூட்டாயிற்று. அதை உடைக்க 26 ஆண்டுகள் ஆயின. டார்ச் விளக்கைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, விடுதலையான போலீஸ்காரர் ஒருவர், தம் மேலதிகாரிமீது வழக்குப் போட்டார். அந்த வழக்கிலே, 1968இல், அதே பிரபுக்கள் சபை, "காகிதத்தை நீதிபதியே பார்க்கலாம், கடைசிச் சொல் அவருடையது" என்றது.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 123ஆவது பிரிவு, வெளியிடப்படாத அரசாங்கக் காகிதத்துக்குப் பூட்டுப் போட்டது. 1961இல் சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மை நீதிபதிகள், அதைத் தாங்களும் திறந்து பார்க்க முடியாது என்றார்கள். பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தலை எதிர்த்து ராஜ் நாராயண் போட்ட வழக்கிலே, 1975இல், திருப்தி இல்லையென்றால் நீதிபதி பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பிரிவு இன்று 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலே 129ஆம் எண்ணோடு உயிரோடிருக்கிறது.

எல்லையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வக்கீலுக்கு எழுதிய கடிதம் ரகசியமாகத்தான் இருக்கவேண்டும். "அலமாரியைக் கொட்டு, ஏதாவது அகப்படுகிறதா பார்க்கிறேன்" என்று வலைவீசுவதும் முறையல்ல. ஆனால் அந்த எல்லையைக் கிழிப்பது யார்? பெட்டிக்காரனே கிழித்தால், அது வேலிக்கு ஓணான் சாட்சி!

தோழர்கள் ஒன்றை மனதிலே வைக்கவேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11ஆவது கட்டளை, எதிர்த் தரப்பின் காகிதத்தைக் கேட்க வழி வைத்திருக்கிறது. இன்ன காகிதம், இன்ன தேதி, வழக்குக்கு இன்ன சம்பந்தம் என்று குறிப்பாகக் கேளுங்கள். கோர்ட்டு உத்தரவிட்டும் பிரதிவாதி காட்ட மறுத்தால், அவர் எதிர்வாதத்தையே தள்ளிவிடலாம். வாதி மறுத்தால் வழக்கையே தள்ளலாம்.

தீட்டிஸின் துளையை அடைத்தது வர்ணம். வழக்கின் துளையை அடைத்தது ஒரு கையெழுத்து. அடைப்பை எடுக்கும் அதிகாரம் நீதிபதியிடமே இருக்கட்டும் என்கிறோம். இது பேராசையா?