ஜெர்மனியில் ஓராண்டுப் படிப்பு: பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது?

ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் தொடங்குகின்றன. அதற்காகச் செப்டம்பர் கடைசியில் விமானம் ஏறப்போகும் மாணவர்களுக்கும், பெட்டி கட்டிக்கொடுக்கும் பெற்றோருக்கும் இந்தக் கட்டுரை.

ஓராண்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் பெட்டியில் அடைக்கப் பார்க்காதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்கு வேண்டியதையும், அங்கே கிடைக்காததையும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை அங்கே வாங்கப் பணம் ஒதுக்கி வையுங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எவ்வளவு எடை கொண்டுபோகலாம்?

உங்கள் டிக்கெட்டில் எழுதியிருப்பதே கணக்கு. சிலவற்றில் 23 கிலோவுக்கு ஒரு பெட்டி, சிலவற்றில் இரண்டு. மாணவர்களுக்குக் கூடுதல் எடை தரும் விமான நிறுவனங்களும் உண்டு. டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். மொத்த எடை எவ்வளவு அனுமதித்தாலும், ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக ஏற்றமாட்டார்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். விமான நிலையத்திலிருந்து ரயில் மாறி, தெருவில் இழுத்துக்கொண்டுபோய், மாடி ஏற்றுவது வரை பெட்டியைத் தூக்கப்போவது நீங்கள்தான். ரயில் நிலையத்தில் போர்ட்டரை எதிர்பார்க்க முடியாது. பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட்டும் இருக்காது.

குளிர் எப்படி இருக்கும்?

நீங்கள் போய் இறங்கும் அக்டோபர் தொடக்கத்தில் பகலில் 15 டிகிரியை ஒட்டி இருக்கும். இரவில் அதில் பாதிக்கும் கீழே இறங்கும். ஜனவரியில் பூஜ்ஜியத்தைச் சுற்றி நிற்கும். சில இரவுகளில், அதுவும் மியூனிக் பக்கம், மைனஸ் 10 வரை போகும்.

ஊட்டியிலும் ஜனவரி இரவில் பூஜ்ஜியத்துக்கு வருகிறதே, அதற்கு வாங்கிய ஸ்வெட்டர்கள் போதாதா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஊட்டியில் வீட்டுக்குள்ளும் குளிர்தான். அதனால் நாள் முழுவதும் கம்பளியோடு இருக்கிறோம். ஜெர்மனியிலோ வகுப்பறை, நூலகம், பேருந்து, அறை எல்லாவற்றிலும் சூடேற்றி வைத்திருப்பார்கள். உள்ளே 20 டிகிரியை ஒட்டி இருக்கும்.

இதனால் உங்களுக்கு என்ன ஆகிறது? வாசலைத் தாண்டும்போதெல்லாம் 20 டிகிரி ஏறி இறங்குகிறீர்கள். எளிதில் கழற்றிப் போடக்கூடிய உடை வேண்டும். நான்கு தடித்த ஸ்வெட்டர்களைவிட, சாதாரணச் சட்டைக்கு மேல் போடும் ஒரு நல்ல ஜாக்கெட் பல மடங்கு பயன் தரும்.

அடுக்கடுக்காக உடுத்துவது என்றால் என்ன?

உடம்பைச் சூடாக வைப்பது துணி மட்டுமல்ல, துணிகளுக்கு இடையே சிக்கி நிற்கும் காற்றும்தான். அதனால்தான் தடித்த ஒரே உடையைவிட மெல்லிய மூன்று அடுக்குகள் நன்றாகக் காக்கின்றன.

முதல் அடுக்கு தெர்மல் (உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்ளாடை). இரண்டாவது கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணி). மூன்றாவது, காற்றும் மழையும் புகாத ஜாக்கெட்.

தெர்மலுக்குப் பதில் பருத்தி பனியன் போட்டால் ஆகாதா? நடக்கும்போது வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரம் காயும்போது, மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல, உங்கள் உடம்பும் குளிரும். அறைக்குள் பருத்தி சரி. வெளியே நெடுநேரம் நிற்கும் நாளில் கம்பளியோ செயற்கை இழையோதான் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும்.

எதை இங்கே வாங்குவது, எதை அங்கே?

தெர்மல் இரண்டு மூன்று ஜோடி, ஒரு மெல்லிய ஸ்வெட்டர், குல்லா, கம்பளிச் சாக்ஸ் ஆகியவற்றை இங்கேயே வாங்கிவிடுங்கள். இவை எடை குறைவு. கூடவே அக்டோபரைச் சமாளிக்க மழை தாங்கும் ஒரு நடுத்தர ஜாக்கெட் போதும். அதைப் பெட்டியில் வைக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடுங்குளிருக்கான தடித்த ஜாக்கெட்டை அங்கேயே வாங்குங்கள். சென்னைக் கடையில் எந்த ஜாக்கெட்டும் சூடாகத்தான் தெரியும். போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை. அங்கே கடையில் போட்டுக்கொண்டு தெருவில் நாலடி நடந்தவுடனே தெரிந்துவிடும். பழைய பொருள் சந்தைகளிலும் (ஃப்ளோமார்க்ட்) நல்ல நிலையில் உள்ளவை மலிவாகக் கிடைக்கும்.

தடித்த காலணியும் அப்படியே. தண்ணீர் புகாததாக, அடிப்பாகத்தில் ஆழமான வரிகள் உள்ளதாகப் பாருங்கள். பனி உறைந்த நடைபாதையில் வழுக்காமல் காப்பாற்றுவது அந்த வரிகள்தான். கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். இறுக்கமான காலணியில் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும்.

உள்ளாடைகள் மட்டும் பத்து நாளைக்கு வருமாறு வையுங்கள். பல மாணவர் விடுதிகளில் துவைக்கும் இயந்திரம் எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு முறையும் காசு போட வேண்டும். அதனால் வாரம் ஒருமுறைதான் துவைப்பீர்கள். குளிர்காலத்தில் அறைக்குள்தான் காயப்போட வேண்டும் என்பதால் ஜீன்ஸ் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

ஒரு வேட்டி சட்டைக்கோ ஒரு புடவைக்கோ இடம் கொடுங்கள். பொங்கல், தீபாவளி விழாக்கள் அங்கேயும் நடக்கும். ஹாம் நகரில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்மன் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து தமிழர்கள் வருகிறார்கள்.

சமையலுக்கு எதைக் கொண்டுபோகலாம்?

அரிசி, பருப்பு, புளி எல்லாம் அங்கே கிடைக்கும். பெரிய ஊர்களில் இந்தியக் கடைகளும், இலங்கைத் தமிழர் நடத்தும் கடைகளும் உண்டு. ஆகவே பெட்டியில் அரிசி வேண்டாம். உங்கள் வீட்டுச் சாம்பார்பொடி, ரசப்பொடி, இட்லி மிளகாய்ப்பொடி, கறிவேப்பிலைப்பொடி ஆகியவற்றுக்குத்தான் அங்கே மாற்று இல்லை. அவற்றை இரட்டை உறையில் கட்டுங்கள். பெருங்காயத்தை மூடி இறுகிய டப்பாவில் தனியாக வையுங்கள். இல்லாவிட்டால் துணியெல்லாம் மணக்கும்.

சட்டம் தடுப்பவை எவை? ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக் கூடாது. தயிர், பனீர், வெண்ணெய், நெய் எல்லாம் இதில் அடங்கும். பால்கோவாவையும் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள். வெண்ணெய் அங்கே எல்லாக் கடையிலும் இருக்கிறது, உருக்கினால் நெய்.

பழம், காய், கீரைக்கும் தடை உண்டு. 2019 டிசம்பர் முதல், பயிர் நோய் இல்லை என்ற அரசுச் சான்று இல்லாமல் இவற்றைக் கொண்டுபோக முடியாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, முள்நாறிப் பழம் (துரியன்) ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது.

விமானப் பாதுகாப்பு விதிகள் வேறு. கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறக்கூடியது. அதனால் அது ஆபத்தான பொருள் பட்டியலில் இருக்கிறது. கற்பூரம் எளிதில் தீப்பிடிப்பதால் அதற்கும் அனுமதியில்லை. சாமிக்கென்று யாராவது பெட்டியில் செருகியிருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். ஊறுகாய், தொக்கு போன்றவற்றைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கசியாமல் கட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

குக்கர், மிக்ஸி வேலை செய்யுமா?

மின்சாரம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்தம் மாற்றும் கருவி எதுவும் வேண்டாம். பிளக்கின் வடிவம்தான் வேறு. மெல்லிய இரண்டு ஊசி கொண்ட செல்போன் சார்ஜர் அப்படியே பொருந்தும். நம் மூன்று ஊசி பிளக் பொருந்தாது. எர்த் இணைப்புள்ள அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுப்பு மின்சாரத்தில் இயங்கும் கண்ணாடித் தட்டாக இருக்கும். சில இடங்களில் இண்டக்‌ஷன். இண்டக்‌ஷனில் அலுமினியக் குக்கர் சூடாகாது. அடி தட்டையான, இண்டக்‌ஷனுக்கு ஏற்ற எவர்சில்வர் குக்கராக இரண்டு அல்லது மூன்று லிட்டரில் எடுங்கள். அதற்கான கேஸ்கட் இரண்டும், சேஃப்டி வால்வு ஒன்றும் உபரியாக வையுங்கள். நம் குக்கருக்கு அங்கே உதிரி தேடுவது பெரும்பாடு. குக்கருக்குள் இருக்கும் இடத்தில் பொடிப் பொட்டலங்களை அடைத்துவிடலாம்.

சட்னி இல்லாமல் முடியாது என்பவர்கள் சிறிய மிக்ஸி எடுக்கலாம். இரவு பத்து மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் அதை ஓட்டாதீர்கள். அவை அமைதி நேரம். அண்டைவீட்டார் புகார் சொல்வார்கள்.

மருந்து கொண்டுபோகலாமா?

சொந்தத் தேவைக்குக் கொண்டுபோகலாம். வழக்கமாக மூன்று மாத அளவு வரை. மருத்துவர் சீட்டை ஆங்கிலத்தில், மருந்தின் வேதிப் பெயரோடு எழுதி வாங்குங்கள். இங்கே வைக்கும் வணிகப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் வலுவான வலி மருந்துகள், சில தூக்க மருந்துகள் இருந்தால் தனிச் சான்று வேண்டும்.

அங்கே பாரசிட்டமால் கூட மருந்துக்கடையில்தான் கிடைக்கும். ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டாயம் மருத்துவர் சீட்டு தேவை. புறப்படும் முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். கண்ணாடி போடுபவர்கள் இரண்டு கண்ணாடி எடுங்கள்.

சூடேற்றிய அறையில் காற்று மிகவும் வறண்டிருக்கும். தோல் வெடிக்கும், உதடு பிளக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும் என்பதால், குளிர்காலத்தில் வாசலினும் தடித்த மாய்ஸ்சரைசரும் கைகொடுக்கும். டிசம்பரில் பெர்லினில் நாலு மணிக்கே இருட்டிவிடும். பகல் எட்டு மணி நேரம் கூட இருக்காது. வைட்டமின் டி மாத்திரை வேண்டுமா என்று இங்கேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பையில் எவை இருக்க வேண்டும்?

பெரிய பெட்டி தாமதமாக வந்தாலும் நீங்கள் பிழைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் கட்டுங்கள். பாஸ்போர்ட், சேர்க்கைக் கடிதம், காப்பீட்டுத் தாள், அசல் மதிப்பெண் பட்டியல்கள், வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட் அளவுப் படங்கள், மருந்து, ஒரு மாற்றுடை, தெர்மல் ஒன்று ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது.

வாடகை ஒப்பந்தம் எதற்கு? வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் (இதற்கு அன்மெல்டுங் என்று பெயர்). வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிச்சீட்டும் கேட்பார்கள். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள்.

முடக்கக் கணக்கில் (விசாவுக்காக ஓராண்டுச் செலவைப் போட்டு வைக்கும் கணக்கு) பணம் இருக்கிறதே, அது போதாதா? அங்கே போய் வங்கிக் கணக்கு திறந்தபின்தான் அந்தப் பணம் மாதாமாதம் வரும். முதல் மாத வாடகை, வீட்டு முன்பணம், ஜாக்கெட், காலணி எல்லாம் அதற்கு முன்பே வந்து நிற்கும். அதற்கான தொகையை வெளிநாட்டுப் பண அட்டையில் ஏற்றிக்கொண்டு, சில நூறு யூரோவை ரொக்கமாகவும் வையுங்கள். உங்கள் இந்தியச் செல்போன் எண்ணையும் உயிரோடு வைத்திருங்கள்; இங்குள்ள வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும்.

போய் இறங்கும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால்?

ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் அநேகமாக எல்லாமே மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் உள்ள சில கடைகள்தான் திறந்திருக்கும். விடுதி அறையில் கட்டில், மேசை இருக்கும். போர்வையும் தலையணையும் பெரும்பாலும் இருக்காது.

ஆகவே முதல் இரவுக்கு வேண்டியதை ஒரே பையில் கட்டி, பெட்டியின் மேலாக வையுங்கள். ஒரு விரிப்பு, மெல்லிய போர்வை, துண்டு, சோப்பு, ஒரு தட்டு, ஒரு தம்ளர், வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா மிக்ஸ் போதும். தடித்த மெத்தைப் போர்வையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அது பாதிப் பெட்டியை அடைத்துவிடும்.

எல்லாம் கட்டியபின் என்ன செய்வது?

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டியைக் கட்டி எடை போடுங்கள். பிறகு, யாருடைய உதவியும் இல்லாமல் நீங்களே ஒரு மாடி ஏற்றிப் பாருங்கள். முடியவில்லை என்றால், திறந்து ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து, “இது அங்கே கிடைக்குமா?” என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால் வெளியே வையுங்கள். அதை வாங்கும் காசைப் பெற்றோர் பண அட்டையில் ஏற்றிக்கொடுத்தால், நவம்பரில் குளிர் இறங்கும் நேரத்தில் பிள்ளைக்குச் சரியான ஜாக்கெட்டாக அது மாறும்.