ஒப்பந்தம் கைமாறும் வரை



இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடு வாங்க முயலும் பலரையும் வாட்டும் கவலை ஒன்று உண்டு. நாம் கேட்ட விலைக்கு விற்பவர் சம்மதித்துவிடுவார். ஆனாலும் ஒப்பந்தப் பத்திரங்கள் பரிமாறப்படும் வரை அந்தச் சம்மதம் எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. வழக்கறிஞரும் வங்கியும் தங்கள் வேலையை முடிக்கப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் வேறொருவர் கூடுதல் விலை சொன்னால் வீடு கைநழுவிப் போகலாம். கட்டிய கட்டணங்களும் வீணாகலாம். தூக்கம் கெடுவதில் வியப்பில்லை.

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில், காவலில் இருந்த இறைவாக்கினர் எரேமியா அனத்தோத்தில் நிலம் வாங்கினார். 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார்; சாட்சிகள் முன்னிலையில் பத்திரம் எழுதி முத்திரையிட்டார்; அதை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொன்னார். செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்தபின் இறைவனிடம் மன்றாடினார். தம் மனக்குழப்பத்தையும் அவர் மறைக்கவில்லை.

நாமும் கேட்ட ஆவணங்களைத் தாமதமின்றி அனுப்புவோம். சந்தேகங்களைக் கேட்டுத் தெளிவோம். நம் கையில் இல்லாததைத் தந்தையின் கையில் ஒப்படைப்போம், அச்சத்தையும் சேர்த்தே.

ஒருநாள் விற்பவர் இடத்தில் நாமே இருக்கலாம். கூடுதல் பணம் தேடி வரும்போது சட்டம் நம்மைத் தடுக்காது. சொன்ன சொல்லில் நிற்கும்படி மலைப்பொழிவில் கற்பித்த ஆண்டவரின் குரல் தடுக்கும். நாம் பட்ட கவலையை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்காதிருக்க வரம் கேட்போம். ஆமென்.