அந்த விளையாட்டுக்கு முடிவு உண்டா?



இரவுச் சோறு போட்டாயிற்று. "மகன், எழும்பி வாங்க. சோறு ஆறுது" என்று மூன்றாம் தடவையும் கூப்பிட்டாயிற்று. அறைக்குள்ளிருந்து வரும் பதில் ஒன்றுதான்: "இன்னும் அஞ்சு நிமிஷம் உம்மா, சேவ் பண்ணிட்டு வாறேன்." அந்த ஐந்து நிமிடம் அரை மணித்தியாலமாகிறது. பொறுமையிழந்த தாய் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து விடுகிறாள். பிள்ளை அழுகிறான். ஒரு விளையாட்டுக்காக இப்படியும் அழுவதா என்று தாய்க்கு வியப்பு. மூன்று மணித்தியால உழைப்பு போய்விட்டதே என்று பிள்ளைக்குக் கவலை.

இந்தச் சண்டை இன்று பல வீடுகளில் நடக்கிறது. விளையாட்டை முற்றாகத் தடுக்க வேண்டும் என்பார் சிலர். காலம் மாறிவிட்டது, விட்டுவிடுங்கள் என்பார் வேறு சிலர். இரண்டுக்கும் முன்னர் ஒரு தாய் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. "இதிலுள்ள கதை என்ன?" என்பது ஒன்று. "இதற்கு ஒரு முடிவு உண்டா?" என்பது மற்றையது. இவ்விரு கேள்விகளின் பெறுமதியை விளங்கிக்கொள்ள, யப்பான் நாட்டிலிருந்து உலகெங்கும் பரவிய ஒரு வகை விளையாட்டை நாம் சற்று அறிந்துகொள்வது நல்லது.

கதைக்குள் நடக்கும் பயணம்

அவ்வகை விளையாட்டுக்கு 'றோல் பிளேயிங் கேம்' என்று பெயர். கதையில் வரும் ஒரு பாத்திரத்தை ஏற்று ஆடுவது என்பது இதன் பொருள். கார் ஓட்டுவது, பந்து அடிப்பது போன்று கைவேகம் மாத்திரம் இதற்குப் போதாது. ஒரு சிறுவன் தன் கிராமத்தை விட்டுப் புறப்படுகிறான். வழியில் துணைவர்களைச் சேர்க்கிறான். ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பேசி விபரம் அறிகிறான். எதிரிகளை வெல்ல வெல்ல அவனது பலம் சிறிது சிறிதாகக் கூடுகிறது. நாற்பது, ஐம்பது மணித்தியாலங்கள் ஆடிய பின்னரே கதை முடிவுக்கு வருகிறது. ஆகவே இதனை, ஆடுபவனே நாயகனாக நடந்து செல்லும் ஒரு நாவல் என்றும் சொல்லலாம்.

இவ்வகை ஆட்டங்கள் முதலில் அமெரிக்காவிலே கணனிகளுக்காகச் செய்யப்பட்டன. அவற்றைச் சிறுவரும் விளங்கி ஆடத்தக்கவாறு எளிமையாக்கி, வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கொண்டுவந்தவர் யூஜி ஹொரி என்ற யப்பானிய எழுத்தாளர். 1986ஆம் ஆண்டு மே மாதம் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்' அவருடைய ஆக்கமாகும். அதற்குச் சித்திரம் வரைந்தவர், 'டிராகன் போல்' சித்திரக் கதையால் உலகப் புகழ் பெற்று 2024இல் காலமான அகிரா தொரியாமா. இசை அமைத்தவர் கொய்ச்சி சுகியாமா. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் ஆரம்ப விழாவில் பல நாட்டு வீரர்களும் அணிவகுத்து வந்தபோது ஒலித்தது இவ்விளையாட்டுகளின் இசைதான். முதலாவதாக ஒலித்தது டிராகன் குவெஸ்ட் இசை. நமது இலங்கை அணியினரும் அந்த இசைத் தொகுப்பின் நடுவேதான் நடந்து சென்றனர். யப்பானியர் இவ்விளையாட்டுகளைத் தம் நாட்டின் பெருமைகளில் ஒன்றாகவே கருதுகின்றனர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அந்த 'ஐந்து நிமிடம்' எதற்காக?

முதலாவது டிராகன் குவெஸ்டில், ஆடிய இடத்தைப் பதிந்து வைக்கும் வசதி இருக்கவில்லை. நிறுத்த வேண்டுமென்றால், விளையாட்டு இருபது எழுத்துக்கள் கொண்ட ஒரு சொற்றொடரைத் திரையில் காட்டும். பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். மறுநாள் அதை அப்படியே பதித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அத்தனை நாள் உழைப்பும் வீண்! பின்னர் வந்த ஆட்டங்களில் பதியும் வசதி வந்தது. ஆனாலும் பலவற்றில் குறிப்பிட்ட சில இடங்களை அடைந்த பின்னரே பதிய முடியும். "சேவ் பண்ணிட்டு வாறேன்" என்று பிள்ளை கூறுவது எப்போதும் சாட்டுச் சொல்வதற்காக அல்ல.

அதேவேளை, இன்னொன்றையும் தாய்மார் அறிந்து வைத்திருக்க வேண்டும். இன்றைய விளையாட்டுக் கருவிகள் பலவற்றில், ஆட்டத்தை விட்ட இடத்திலேயே உறங்க வைக்கும் பொத்தான் உண்டு. தனியே ஆடும் கதை ஆட்டமானால் எந்த நிமிடத்திலும் எழும்பி வரலாம், எதுவும் அழியாது. இது தெரிந்த தாயிடம் ஐந்து நிமிடம் அரை மணித்தியாலமாவது குறைவு.

1988ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி, ஒரு புதன்கிழமை. டிராகன் குவெஸ்டின் மூன்றாம் பாகம் அன்று விற்பனைக்கு வந்தது. முதல் நாளிலேயே பத்து இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்றுத் தீர்ந்தன. கடை வாசல்களில் நீண்ட வரிசைகள். பாடசாலை செல்லாமல் வரிசையில் நின்ற மாணவர்கள் பலர் பொலிஸாரிடம் சிக்கினர். பாடசாலை நாட்களில் இவ்விளையாட்டை வெளியிடக்கூடாதென யப்பானில் சட்டமே இயற்றினார்கள் என்று ஒரு கதை இன்றும் உலாவுகிறது. அது உண்மையல்ல. நான்காம் பாகம் 1990இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தது. பிற்காலப் பாகங்களும் பெரும்பாலும் விடுமுறை நாட்களிலேயே வெளியாகின. சட்டம் தேவைப்படவில்லை, நாளை மாற்றியதே போதுமாயிற்று. வீட்டு ஒழுங்கிலும் இது நமக்குப் பயன்படும் பாடம்.

தாயைத் தேடும் நாயகன்

இக்கதைகள் யாவும் வாளும் சண்டையும்தானா? இல்லை. ஷிகெசாதோ இதோய் என்ற விளம்பர எழுத்தாளர் 1994இல் 'மதர் 2' என்ற ஆட்டத்தை உருவாக்கினார். மதர் என்றால் தாய். அதன் நாயகன் ஒரு சிறுவன். அவன் வீட்டை விட்டு நெடுந்தூரம் சென்று நாட்கள் கடந்தால் அவனுக்கு வீட்டு ஏக்கம் பிடித்துவிடும். அதன் பின் சண்டையில் கைகால் ஓடாது. அதற்கு மருந்து ஒன்றே: தொலைபேசியில் தாயை அழைத்துப் பேசுவது! அவனது தந்தையோ கதை முழுவதிலும் முகம் காட்டுவதே இல்லை; தொலைபேசியில் குரல் மட்டும் வரும். பிள்ளைக்குப் பணம் அனுப்புவதும் அவர்தான். ஆடிய இடத்தைப் பதிய வேண்டுமானால் அவரைத்தான் அழைக்க வேண்டும். தொடர்ந்து வெகுநேரம் ஆடினால் அவரே அழைத்து, சற்று ஓய்வெடுக்கலாமே என்று நினைவூட்டுவார். வாப்பா வெளிநாட்டில் உழைக்க, அவர் குரலைத் தொலைபேசியில் கேட்டு வளரும் பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்கு இக்கதை வெறும் பொழுதுபோக்காக இருக்குமா?

1997இல் வெளிவந்த 'பைனல் பேன்டஸி 7' ஆட்டத்தில், பல மணித்தியாலங்கள் நாயகனுடன் கூடவே வந்த ஏரித் என்ற இளம்பெண் திடீரெனக் கொல்லப்படுகிறாள். அவளை மீட்க வழியே இல்லை. உலகெங்கும் இளைஞர்கள் இதற்காக அழுதார்கள். இந்த வரிசையை 1987இல் தொடக்கிய ஹிரோனொபு சகாகுச்சி தன் தாயைப் பறிகொடுத்தவர். மரணத்தையும் உயிரையும் பற்றிய தமது சிந்தனை அந்த இழப்பிலிருந்து பிறந்தது என்று அவரே கூறியிருக்கிறார்.

இறந்தோரின் உயிர் பூமியோடு போய்க் கலக்கிறது என்பது அக்கதையின் கற்பனை. நமது ஈமான் கற்றுத்தருவது வேறு. மந்திரமும் கற்பனைத் தெய்வங்களும் இவ்வாட்டங்களில் தாராளமாக வரும். "கதையில் அப்படி வருகிறது. நாம் என்ன நம்புகிறோம்?" என்று பிள்ளையிடம் பேச வேண்டியவர் தாயும் தந்தையும்தான். கதையே என்னவென்று தெரியாத பெற்றோர் எதைப் பற்றிப் பேசுவது?

மகன் தந்தையைக் கண்டடைந்த விதம்

யப்பானில் நடந்த ஓர் உண்மைச் சம்பவம் இது. தந்தையுடன் மனம் விட்டுப் பேசும் பழக்கம் அற்றுப்போன ஒரு மகன் ஒரு திட்டம் தீட்டினான். பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் 'பைனல் பேன்டஸி 14' ஆட்டத்தைத் தந்தைக்குப் பரிசளித்தான். பின்னர் தான் இன்னாரென்று காட்டிக்கொள்ளாமல், வேறொரு பாத்திரமாக அதே ஆட்டத்தில் நுழைந்து, தந்தைக்கு நண்பனானான். வீட்டிலே மௌனமாக இருந்த இருவரும் ஆட்டத்துக்குள்ளே தோழர்களாயினர். மிகக் கடினமான எதிரி ஒன்றை இருவரும் சேர்ந்து வென்ற பிறகு, "நான்தான் உங்கள் மகன்" என்று சொல்வதே அவனது திட்டம். இவ்வனுபவத்தை அவர் எழுத, அது 2017இல் தொலைக்காட்சித் தொடராகவும் 2019இல் திரைப்படமாகவும் வந்தது. எழுதிய மகன் 2020இல் புற்றுநோயால் மரணமடைந்தார். தந்தையோடு கிடைத்த அந்தத் தோழமை அவருக்கு எவ்வளவு பெரிய செல்வம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ரசிகர்களின் ஆர்வம் உழைப்பாகவும் மாறும். 2006இல் யப்பானிய மொழியில் மட்டும் வந்த 'மதர் 3' ஆட்டத்தை, பிறநாட்டு ரசிகர் சிலர் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு வருடம் உழைத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 2008இல் இலவசமாகக் கொடுத்தனர். விளையாட்டின் மீது கொண்ட ஆசையால் ஒரு மொழியையே கற்றுக்கொண்டோரும் உண்டு.

முடிவில்லாத ஆட்டங்கள்

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன கதை ஆட்டங்களில் அநேகமானவற்றுக்கு ஒரு முடிவு உண்டு. ஒரு தடவை பணம் கொடுத்து வாங்கினால் போதும். ஆனால் இன்று கைத்தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் பல ஆட்டங்கள் அப்படியல்ல. அவை ஒருபோதும் முடிவதில்லை. புதிய பாத்திரம் வேண்டுமானால் பணம் கட்டிக் குலுக்கிப் பார்க்க வேண்டும். யப்பானில் இதற்குக் 'கச்சா' என்று பெயர். காசு போட்டுத் திருகினால் பொம்மை விழும் கடைத்தெரு இயந்திரத்தின் பெயர் அது. எந்தப் பொம்மை விழும் என்று தெரியாது. விரும்பியது வரும்வரை திருகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

யப்பானிய நுகர்வோர் அதிகாரசபை, 2012இல் இம்முறையின் மிக மோசமான ஒரு வடிவம் சட்டவிரோதமானது என அறிவித்தது. யப்பானிய பாணியில் சீன நிறுவனமொன்று செய்து 2020இல் வெளியிட்ட 'கென்ஷின் இம்பாக்ட்' ஆட்டத்தின் தொடர்பில், 2025 ஜனவரியில் அதன் வெளியீட்டாளர் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழுவுக்கு இரண்டு கோடி டொலர் செலுத்த இணங்கினர். 16 வயதுக்குக் குறைந்தோருக்குப் பெற்றோரின் சம்மதமின்றி இந்தக் குலுக்கல் பெட்டிகளை விற்பதில்லை என்றும் இணங்கினர். வல்லரசுகளே தலையிட வேண்டிய விடயம் இது. ஆகவே கைத்தொலைபேசியில் வங்கி அட்டை இலக்கத்தைப் பதிந்து பிள்ளையிடம் கொடுத்துவிட்டு இருப்பது, பணப்பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு உறங்குவதற்குச் சமம்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். யப்பானின் ககாவா மாகாணம் 2020இல் ஒரு விதி கொண்டுவந்தது. 18 வயதுக்குக் குறைந்தோர் பாடசாலை நாளில் 60 நிமிடம், விடுமுறை நாளில் 90 நிமிடம் என்பது அதன் அளவு. மீறினால் தண்டனை எதுவும் இல்லை. ஒழுங்கைப் பேணும் பொறுப்பு பெற்றோருக்கே. உலக சுகாதார நிறுவனம் 2019இல், விளையாட்டின் மீதான கட்டுப்பாட்டை இழந்து, அன்றாடக் கடமைகளையெல்லாம் பின்தள்ளி, தீங்கு தெரிந்தும் விடமுடியாமல் வழமையாகக் குறைந்தது ஒரு வருடமாவது நீடிக்கும் நிலையை நோய்களின் பட்டியலிலே சேர்த்தது. ஆசையோடு ஆடும் எல்லாப் பிள்ளைகளும் நோயாளிகள் அல்லர். ஆனால் உணவு, உறக்கம், தொழுகை, படிப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்படுமானால், திட்டுவதை நிறுத்திவிட்டு வைத்தியரை நாடுங்கள்.

வீட்டில் செய்யத்தக்கவை

ஆட்டத்தின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். யப்பானியப் பெட்டியானால் A என்பது எல்லா வயதினருக்கும், B 12 வயதுக்கும், C 15க்கும், D 17க்கும், Z 18க்கும் மேற்பட்டோருக்கும் உரியது.

முடிவுள்ள கதை ஆட்டத்தைத் தெரிவு செய்ய உதவுங்கள். ஐம்பது மணித்தியால ஆட்டத்தை, சனி, ஞாயிறு இரு நாளும் இரண்டிரண்டு மணித்தியாலம் ஆடினால், சுமார் பதின்மூன்று வாரங்களில் முடித்துவிடலாம். ஏறக்குறைய ஒரு பாடசாலைத் தவணை. பரீட்சைக்கு முன் எது முடியும், எது முடியாது என்று பிள்ளையே கணக்குப் பார்க்கட்டும்.

நிறுத்த வேண்டிய நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பே சொல்லி வையுங்கள். பிறரோடு சேர்ந்து ஆடும் ஆட்டமானால், தொடங்குமுன் முடியும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மறுபக்கத்தில் யார் என்பதையும் கேளுங்கள். யப்பானில் அந்தத் தந்தையின் நண்பன் மகனாக இருந்தான். எல்லா இடத்திலும் அப்படி இருக்காது.

கடைசியாக ஒன்று, சகோதரிகளே. கிழமைக்கு ஒருநாள், பத்து நிமிடம் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, "இவர் யார்? ஏன் ஊரை விட்டுப் போகிறார்? இனி என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். முதல் நாள் ஒரு சொல்லில் பதில் வரும். இரண்டாம் நாள் கொஞ்சம் கூடும். மூன்றாம் நாள் நீங்கள் கேட்காமலே அவன் கதை சொல்வான். அவ்வாறு பேசப் பழகிய பிள்ளையிடம் "இன்றைக்குப் போதும் மகன்" என்று சொல்வது அவ்வளவு கடினமாக இராது.