சந்தா பாட்டு பிளேயரில் ஏன் ஏறாது?

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் அம்மா, மகளுக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு எம்பி3 பிளேயர் வாங்குகிறார். போனில் சந்தா கட்டி இறக்கிய பாட்டு அதில் பாடாது. ஏன்? ஆப் இறக்குவது பூட்டிய கோப்பு. சாவி ஆப்பிடமே இருக்கிறது.

விலைக்கு வாங்கும் பாட்டு அப்படியல்ல. ஐடியூன்ஸ் கடை 2009-லேயே பாட்டுகளின் பூட்டை எடுத்துவிட்டது. ஆனால் அவை ஏஏசி வடிவம். பிளேயர் அதைப் படிக்குமா என்று முதலில் பாருங்கள். அடுத்து, பாட்டு எவ்வளவு இடம் பிடிக்கும்? எம்பி3-யில் 128 கேபிபிஎஸ் தரம் என்றால் நொடிக்கு 16 கிலோபைட். நாலு நிமிடப் பாட்டு 4 எம்பிக்குள் அடங்கிவிடும்.

பஜாரில் மெமரி கார்டைக் கொடுத்து மொத்தமாக ஏற்றுவது சுலபம்தான். பாடியவருக்குக் காசு போகாது. பிள்ளைக்கு ஆகாத பாட்டும் சேர்ந்து வரும். அதைவிட, பாட்டியின் தாலாட்டைப் போனில் பதிந்து, எம்பி3-ஆக மாற்றி முதல் பாட்டாகப் போடுங்கள்.