கிள்ளான் முகத்துவாரத்தில் இரவுத் தூண்டில்

கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் இரவு மீன்பிடிப்புக்கு நேரம் குறிப்பது கடிகாரமல்ல, நீரேற்றம். கோலாலம்பூருக்கு அப்பால் மலையில் பிறந்து, அந்நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி ஓரமாக ஓடி, சுமார் 120 கிலோமீட்டர் கடந்துவரும் ஆறு போர்ட் கிள்ளானில் மலாக்கா நீரிணையைச் சேர்கிறது. அங்கே நாளுக்கு இருமுறை நீர் ஏறி, இருமுறை வற்றும். ஒவ்வொரு ஏற்றமும் மறுநாள் 50 நிமிடம் போலத் தள்ளிவரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 4 மீட்டர் அளவுக்குப் போகிறது. அந்த இழுப்பில் ஈயக்குண்டு தரையில் நிற்காது. அட்டமியை ஒட்டியோ நீர் அசையவே தயங்கும். இரண்டுக்கும் நடுவிலான நாளையும், அந்நாளில் நீர் திரும்பும் வேளையையும் தேர்ந்து சொல்பவர்தான் நல்ல தெக்கோங். படகோட்டியும் வழிகாட்டியும் அவரே. படகு வாடகையில் பெரும்பகுதி இந்தக் கணிப்புக்கே உரியது.

இங்கே இரவில் தேடப்படும் மீன்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, மலாயில் செம்பிலாங் எனப்படும் இருங்கெளுத்தி. அலையாத்தி வேர்களுக்கிடையிலும் சேற்றுப் பள்ளங்களிலும் பகலைக் கழித்துவிட்டு, இருட்டியதும் இரை தேடக் கிளம்பும். கலங்கிய நீரில் அதற்குக் கண் அவ்வளவாகத் தேவையில்லை. வாயைச் சுற்றியுள்ள மீசைகளே தொட்டும் சுவைத்தும் வழிகாட்டுகின்றன. அதன் உறவான ஜப்பானியக் கடற்கெளுத்தி இதைவிட வியப்பானது. வளைக்குள் இருக்கும் புழு சுவாசிப்பதால் நீரின் அமிலத்தன்மையில் உண்டாகும் மிகச் சிறு மாற்றத்தைக்கூட அது உணர்ந்து இரையை நெருங்குகிறது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. கெளுத்திக்கு உயிருள்ள சேற்றுப்புழுவைக் கோத்து, தூண்டிலை அடித்தரையில் படியவிடுகிறார்கள்.

மற்றது கொடுவா, அதாவது சியாக்காப். இது கண்ணை நம்பி வேட்டையாடும் மீன். விளக்கொளி பட்டால் கண் செந்நிறமாக மின்னும். வட அமெரிக்க ஆறுகளில் இரவில் பிடிக்கப்படும் வாலாய் மீனுக்கும் இப்படி ஒளிரும் கண் உண்டு. உள்ளே புகுந்த வெளிச்சத்தை விழித்திரைக்கே திருப்பியனுப்பும் அடுக்கு அதற்குக் காரணம். துறைமுக விளக்குகளின் கீழ் இறால் கூடும். ஒளி முடிந்து இருள் தொடங்கும் ஓரத்தில் கொடுவா காத்திருக்கும். உயிர் இறாலைக் கோத்து நீரோட்டத்தோடு அந்த ஓரத்தில் மிதக்கவிடுவதே முறை. படகில் இருப்பவர்கள் தலைவிளக்கை நீரின்மேல் அடிக்கக் கூடாது.

செம்பிலாங்கின் முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று நச்சு முட்கள் உண்டு. குத்தினால் வலி கடுமையானது. கையால் பிடிக்காமல், இடுக்கியால் தாடையைப் பற்றியே தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும். குத்துப்பட்ட இடத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 பாகை செல்சியஸ் வெந்நீரில் வைத்தால் வலி தணியும், ஏனெனில் வெப்பம் அந்த நஞ்சைச் சிதைக்கிறது. அதன்பின் மருத்துவமனைக்குப் போவது அவசியம். முள் துண்டு உள்ளேயே தங்கிப் புண் சீழ்பிடிக்கக்கூடும்.

வானிலையும் கவனிக்க வேண்டியது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவிலிருந்து கிளம்பும் சூறைக்காற்று பெரும்பாலும் விடிவதற்கு முன்போ காலையிலோதான் நீரிணையைக் கடந்து வருகிறது. மேற்கே மின்னல் தெரிந்தால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் நங்கூரத்தை எடுத்துவிட வேண்டும். சரக்குக் கப்பல்களின் பாதையில் படகை நிறுத்தவே கூடாது. உயிர்காப்புச் சட்டையைப் படகில் வைத்திருந்தால் போதாது, அணிந்திருக்க வேண்டும்.

கொடுவா ஆணாக வளர்ந்து பின்னர் பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரியவை அநேகமாக முட்டையிடும் பெண்கள். ஆகவே நடுத்தர அளவுள்ளதைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, பெரியதை ஈரக்கையால் தாங்கி நீரில் விடுவதுதான் முகத்துவாரத்துக்கு நல்லது.