வட்டு மாறினால் கணக்கும் மாற வேண்டும்

தமிழக அரசின் நில ஆவணத் தளத்தில் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்துப் புல எண்ணையும் உட்பிரிவையும் கொடுத்தால் பட்டா விவரம் வந்துவிடுகிறது. இப்படியொரு பதிவேட்டை, உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் 'போஸ்ட்கிரெஸ்' தரவுத்தளத்தில் வைத்திருப்பதாகக் கொள்வோம்.

ஒரே ஒரு பட்டாவைத் தேடுவது அதற்குப் பெரிய வேலையில்லை. மரக்காணம் பக்கத்து உப்பளப் புலங்கள் அத்தனையையும் கொடு என்று கேட்டால்தான் யோசிக்கிறது. அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை படிப்பதா, குறியகராதியை (இண்டெக்ஸ்) பார்த்து வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் தாவுவதா? ஒரு பக்கம் என்பது 8 கிலோபைட். வரிசையாகப் படிக்கும் பக்கத்துக்குச் செலவு 1, தாவிப் படிக்கும் பக்கத்துக்கு 4 என்று கணக்கிட்டு, மலிவான வழியில் போகிறது.

இந்த 4 சுழலும் வட்டின் காலத்து எண். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 8 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். படிக்கும் முனை நகரும் நேரம் தனி. உண்மையில் அங்கே தாவிப் படிப்பது 4 மடங்கல்ல, 40 மடங்குகூடச் செலவு. ஆனால் கேட்கும் பக்கங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் என்று நம்பித்தான் 4 என வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சமரசம் இது.

எஸ்எஸ்டி எனும் மின்னணுச் சேமிப்பகத்தில் சுழல எதுவுமில்லை. தரவை அதற்கு மாற்றிய பிறகும் பழைய 4 அப்படியே இருந்தால், தாவிப் போயிருக்க வேண்டிய தேடலுக்கும் தரவுத்தளம் முழு அட்டவணையைப் புரட்டக்கூடும். இதற்காகவே 'டேபிள்ஸ்பேஸ்' எனும் சேமிப்புப் பகுதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் கொடுக்கலாம். 'ஆல்டர் டேபிள்ஸ்பேஸ்' என்ற ஒற்றை வரிக் கட்டளையில், எஸ்எஸ்டி பகுதிக்கு மட்டும் 1.1 என்று பலர் வைக்கிறார்கள். பழைய வட்டில் கிடக்கும் ஆவணங்களுக்கு 4 தொடரும்.

இந்தக் கட்டளை ஒரு பைட்டைக்கூட இடம் மாற்றாது. கணக்கை மட்டுமே மாற்றும். அட்டவணையையே நகர்த்த வேறு கட்டளை உண்டு. அது முடியும்வரை அந்த அட்டவணையை யாரும் படிக்கக்கூட முடியாது. ஆகவே இரவில் செய்வது நல்லது. இன்னொன்றையும் அவசியம் கவனிக்க வேண்டும்: அட்டவணை புது வட்டுக்குப் போகும்போது அதன் குறியகராதிகள் கூடவே போகாது. அவற்றைத் தனியாக நகர்த்த வேண்டும்.