ஒப்பாரி பாடியவரின் பெயர்

தோழர்களே, இழவு வீட்டில் நம் அம்மாக்கள் பாடும் ஒப்பாரியை நாம் பதிவு செய்கிறோம். வழிவழியாக வந்த பாட்டு, தனியொருவருக்குச் சொந்தமில்லை என்கிறோம். ஆனால் பாடிய குரலுக்கு உரியவர் இருக்கிறார்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துக் கலைஞர் உரிமை 1994 திருத்தத்தில் வந்தது. இன்று அதன் காலம் 50 ஆண்டுகள். தம் பெயரைக் குறிப்பிடக் கோரும் உரிமையை 2012 திருத்தம் கொடுத்தது. ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் மட்டும் பதிவு செய்வதைச் சட்டம் நியாயமான பயன்பாடாக விட்டுவைக்கிறது. அதே பதிவைக் குறுந்தகடாக்கி விற்கவோ யூடியூபில் ஏற்றவோ பாடியவரின் இசைவு வேண்டும்.

நம் ஆய்வேடுகளிலோ அவர் வெறும் ‘தகவலாளி’. உழைப்புச் சுரண்டலை எதிர்க்கும் நாமே இதைச் செய்கிறோம். இனி, பதிவுக்குமுன் இசைவு கேட்போம், பெயர் போடுவோம், காசு வந்தால் பங்கு கொடுப்போம்.